ஏற்காட்டுச் சரிவா, வெள்ளைக்கல் குழியா, சமதளமா: சேலத்துக்கு எந்த ரோலர் கோஸ்டர் பொருந்தும்?

2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே வொண்டர்லா நிறுவனத்தின் சென்னைக் கேளிக்கைப் பூங்கா திறந்தது. அன்றிலிருந்து சேலத்தில் ரோலர் கோஸ்டர் மீது தீராத ஆசை கொண்ட எங்களைப் போன்றவர்களின் பேச்சு ஒரே கேள்வியைச் சுற்றிவருகிறது. கிழக்கே போனால் அந்தப் பூங்காவின் கோஸ்டர் தண்டோரா இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் போலிகர் அண்ட் மபில்லார்ட் நிறுவனம் செய்தது அது. தடம் தலைக்கு மேலே, கால்கள் காற்றில். வடக்கே போனால் பெங்களூரைத் தாண்டிப் பிடதியில் ரீகாயில் என்ற கோஸ்டர். நடுவில் இருக்கும் சேலத்தில் மலை உண்டு, பள்ளம் உண்டு, கோஸ்டர் மட்டும் இல்லை. இங்கே ஒன்று வருவதானால் எது வர வேண்டும்?

யாரும் திட்டம் போட்டு அறிவித்ததைப் பற்றி நான் எழுதவில்லை. நண்பர்களுக்குள் நடக்கும் வாதம் இது. அதில் மூன்று கட்சிகள். சேர்வராயன் மலைச்சரிவில், சிறு வண்டியில் சறுக்கி இறங்கும் ஆல்பைன் கோஸ்டர் வேண்டும் என்பது முதல் கட்சி. நகருக்கு வெளியே சமநிலத்தில், உலகெங்கும் ஓடி நிரூபித்த ஆயத்த மாதிரி ஒன்றை நிறுத்திவிடலாம் என்பது இரண்டாவது. மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் வெட்டிய பழைய குழி ஒன்றுக்குள் தடம் இறங்க வேண்டும் என்பது மூன்றாவது. நான் மூன்றாவது கட்சி. ஆனால் மற்ற இரண்டையும் நியாயமாக எடைபோட்ட பிறகே அதைச் சொல்ல வேண்டும்.

எடைபோடும் அளவுகோல் எனக்கு ஒன்றுதான்: உயரம் எப்படிச் செலவாகிறது? மோட்டார் உந்தும் வகைகளை விட்டுவிட்டால், கோஸ்டர் ரயிலுக்குச் சொந்தமாக எந்திரம் கிடையாது. சங்கிலி மேலே இழுத்து விடுகிறது. அதன்பின் கிடைத்த உயரத்தை வைத்துத்தான் எல்லா வளைவும் எல்லாச் சுழற்சியும். கிணற்றில் இறைத்த தண்ணீரை வாய்க்கால் வாய்க்காலாக அளந்து பாய்ச்சுவது போன்ற வேலை அது. நல்ல வடிவமைப்பாளர் ஒரு மீட்டரையும் வீணாக்க மாட்டார்.

இந்த அளவுகோலை வைத்து ஏற்காட்டைப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர், ஏற்காடு சுமார் 1,515 மீட்டர். இடையில் 1,200 மீட்டருக்கும் மேல் உயரம் சும்மா கிடக்கிறது. உராய்வே இல்லாமல் ஒரு வண்டி அந்த உயரம் முழுவதும் சறுக்கினால் அடிவாரத்தில் மணிக்கு 550 கிலோமீட்டர் வேகம் வரும். மலைச்சரிவில் வேகம் சேர்ப்பது ஒரு வேலையே இல்லை. வேகத்தைக் கொன்றுகொண்டே இறங்குவதுதான் வேலை. ஆல்பைன் கோஸ்டர் அதற்காகவே பிறந்தது. தரையிலிருந்து சிறிது உயரத்தில் இரண்டு எஃகுக் குழாய்கள். அவற்றின் மேல் ஒருவரோ இருவரோ அமரும் சிறு வண்டி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கைப்பிடிகள். தள்ளினால் வேகம், இழுத்தால் பிரேக். எவ்வளவு தள்ளினாலும் மணிக்கு 40 கிலோமீட்டர் அளவில் வண்டி தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். ஆஸ்திரியாவின் இம்ஸ்ட் ஊரில் இப்படி மூன்றரை கிலோமீட்டர் நீளம் ஓடுகிறது. அண்டோராவின் டோபோட்ரோங்க் 5.3 கிலோமீட்டர்.

இதில் எனக்கு உண்மையிலேயே பிடித்த அம்சங்கள் உண்டு. பெரிய தூண்கள் வேண்டாம், தடம் நிலத்தின் மடிப்பையே பின்பற்றும். சில்வர் ஓக் நிழலில் காபிச் செடிகளுக்கு நடுவே, மிளகுக் கொடி கையில் உரசும் தூரத்தில் ஒரு வண்டி வளைந்து இறங்குவதை நினைத்தாலே ஆசையாக இருக்கிறது. ஓட்டுபவரின் கையில் கட்டுப்பாடு இருக்கும் அரிய வகை இது. பாட்டியும் பேரனும் சேர்ந்து ஏறலாம். மே மாதத்தில், சேலம் கொதிக்கும்போது, மேலே காற்று குளிர்ந்திருக்கும்.

ஆனால் அந்தக் கைப்பிடியே ஏற்காட்டில் வினையாகும். முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத்தான் பின்னால் வருபவர் பிரேக் இழுக்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் ஏற்காட்டுப் பனிமூட்டத்துக்குள் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், பத்தடிக்கு அப்பால் சாலையே மறைந்துவிடும். மழைக்காலம் அதைவிடக் கடினம். ஈரத்தில் பிரேக் பிடி குறையும்; கனமழை என்றால் நிறுத்தியே ஆக வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை நாம் மறக்கவில்லை. சாலையையே தாங்காத சரிவில் கிலோமீட்டர் கணக்கில் தடத்தை நட்டுவைத்து, ஒவ்வொரு மழைக்குப் பின்னும் ஒவ்வொரு காலாகச் சோதிப்பது சின்ன வேலை இல்லை. காட்டெருமைகள் நடமாடும் சரிவு வேறு. கோடை விழாவுக்கே 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் ஒட்டி நிற்கின்றன. அந்தக் கூட்டத்தின் மேல் இன்னொரு கூட்டத்தை ஏற்றுவதை என்னால் ஆதரிக்க முடியவில்லை. முன்னால் போகும் ஒருவர் பயந்து மெதுவாகப் போனால் பின்னால் வரும் அத்தனை பேரும் நடைவேகத்துக்கு வந்துவிடுவார்கள் என்பதும் உண்டு. அது சவாரியின் உயிரையே எடுத்துவிடுகிறது.

சமதளக் கட்சியைப் பற்றி நீளமாகச் சொல்ல அதிகம் இல்லை. அவர்கள் மனதில் இருப்பது பூமராங். நெதர்லாந்தின் வெகோமா நிறுவனம் 1984-இல் அறிமுகப்படுத்திய மாதிரி. ஐம்பதுக்கும் மேல் விற்றுவிட்டது. பிடதியின் ரீகாயிலும் இந்தக் குடும்பம்தான். ரயிலைப் பின்னோக்கி 35.5 மீட்டர் மேலே இழுத்து விடும். அது நிலையத்தைக் கடந்து, நாகம் படமெடுத்த வடிவிலான இரட்டைச் சுழற்சியையும் ஒரு வளையத்தையும் தாண்டி, எதிர்க் கோபுரத்தில் ஏறி நிற்கும். பிறகு அதே வழியாகப் பின்னோக்கி. முன்னே மூன்று, பின்னே மூன்று, ஆக ஆறு தலைகீழ்ச் சுழற்சிகள். தடத்தின் நீளமோ வெறும் 285 மீட்டர். ஒரே தடத்தை இரண்டு முறை பயன்படுத்தும் அந்தச் சிக்கனத்தை நான் மதிக்கிறேன். கையளவு நிலம் போதும், ஒரு பூங்காவிலிருந்து கழற்றி இன்னொரு பூங்காவில் நிறுத்தவும் முடியும்.

குறை என்னவென்றால், ரயில் ஒன்றுதான். 28 பேர் போய்த் திரும்பும் வரை அடுத்த 28 பேர் நிற்க வேண்டும். பழைய ரயில்களில் தோள்தடுப்பு காதில் இடிக்கும் வலி ரசிகர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அதைவிட எனக்கு உறுத்துவது, கொண்டலாம்பட்டியில் நிறுத்தினாலும் ஓமலூரில் நிறுத்தினாலும் டெக்சாஸில் நிறுத்தினாலும் அது அதே சவாரிதான். சேலத்தின் மண் அதில் ஒரு வளைவைக்கூடத் தீர்மானிக்காது. பிடதிக்குப் போனாலே கிடைப்பதை இங்கே மறுபடி கட்டுவதற்கு ஏன் இத்தனை பணம்?

இனி குழி. சேர்வராயன் அடிவாரத்தில் மாமாங்கம், கருப்பூர் பக்கம் ரயிலில் போனவர்கள் அந்த வெள்ளை மேடுகளையும் பள்ளங்களையும் பார்த்திருப்பார்கள். அந்த வெள்ளைக்கல்லின் பெயரால் ஒரு ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர். தலைமுறை தலைமுறையாக வெள்ளைக்கல் வெட்டி எடுத்ததில் நிலம் படிப்படியாக உள்ளிறங்கிக் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் உள்ள நெமிசிஸ் கோஸ்டர்.

அந்தப் பூங்காவில் சவாரிகள் மரங்களின் உச்சிக்கு மேல் எழும்பக் கூடாது. வேறு யாராக இருந்தாலும் சிறிய கோஸ்டரோடு திருப்தி அடைந்திருப்பார்கள். வடிவமைப்பாளர் ஜான் வார்ட்லி தலைமையிலான குழு பாறையை வெடிவைத்துத் தோண்டிப் பள்ளத்துக்குள் தடத்தை இறக்கியது. 1994 மார்ச்சில் திறந்த அந்தக் கோஸ்டர் தரைக்கு மேல் சுமார் 13 மீட்டர்தான் தெரியும். ஆனால் அதன் இறக்கம் கிட்டத்தட்ட 32 மீட்டர். 716 மீட்டர் தடம், நான்கு தலைகீழ்ச் சுழற்சிகள், மணிக்கு 81 கிலோமீட்டர். தண்டோராவைச் செய்த அதே நிறுவனத்தின் கைவேலை, அதே போலத் தலைக்கு மேல் தடம். 32 மீட்டர் இறக்கத்துக்கு உராய்வில்லாத கணக்குப்படி மணிக்கு 90 கிலோமீட்டர் வர வேண்டும். 81 வருகிறது என்றால் இழப்பு எவ்வளவு குறைவு என்று பாருங்கள். 2022-இல் மூடி, தேய்ந்த தடத்தின் பெரும்பகுதியைப் புதிதாக மாற்றி, 2024 மார்ச்சில் மீண்டும் திறந்தார்கள். முப்பது ஆண்டுக்குப் பின்னும் அதே வளைவுகளை மாற்றாமல் மறுபடி கட்டும் அளவுக்கு ஒரு வடிவமைப்பு உயிரோடு இருந்தது என்பது எனக்குச் சிலிர்ப்பான செய்தி.

பள்ளம் கொடுப்பது உயரம் மட்டும் இல்லை. வெட்டவெளியில் 80 கிலோமீட்டர் வேகம் கண்ணுக்கு மெதுவாகத் தெரியும், ஒப்பிட எதுவும் அருகில் இல்லாததால். கால்கள் தொங்கும் இருக்கையில் உட்கார்ந்து, பாறைச் சுவர் பாதத்துக்கு அருகில் பாயும்போது அதே 80 இரு மடங்காகத் தெரியும். கைகால் முழுவதும் நீட்டினாலும் எட்டாத இடைவெளியை அளந்து விட்டிருப்பார்கள். உடம்பு அதை நம்பாது. அந்த நம்பாமைதான் சவாரி.

நிலம் தடத்தை வரைந்த இடங்கள் இன்னும் உண்டு. அமெரிக்காவின் கிங்ஸ் ஐலண்டில் 1979 முதல் ஓடும் தி பீஸ்ட் என்ற மரக் கோஸ்டரின் ஏற்றம் சுமார் 34 மீட்டர், பெரிய இறக்கமோ சுமார் 43 மீட்டர். பென்சில்வேனியாவின் கென்னிவுட்டில் ஃபாண்டம்ஸ் ரிவெஞ்ச் 49 மீட்டர் ஏறி, ஓடைப் பள்ளத்துக்குள் சுமார் 70 மீட்டர் இறங்குகிறது. ஏறியதைவிட அதிகமாக இறங்குவதற்கு நிலம் சேர்த்துக் கொடுத்தால்தான் வழி. நம்மிடம் அந்த நிலம் ஏற்கெனவே வெட்டித் தயாராக இருக்கிறது. காட்டில் ஒரு மரத்தைத் தொட வேண்டாம், கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு காரைக்கூடக் கூட்ட வேண்டாம்.

குழியின் சிக்கல்களை மறைத்துவிட்டு வாதாட நான் விரும்பவில்லை. சுரங்கக் கழிவு கொட்டிய ஓரங்கள் உதிரும் தன்மை கொண்டவை; அவற்றின் மேல் அடித்தளம் போட முடியாது, கெட்டிப் பாறை வரை இறங்க வேண்டும். மழையில் குழிக்குள் தண்ணீர் தேங்கும். ஆண்டு முழுவதும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரியது வெயில். ஏப்ரல் நண்பகலில் வெள்ளைப் பாறை கண்ணைப் பறிக்கும், காற்று அசையாது, தடத்தைத் தொட்டால் சுடும். இந்த ஒரு விஷயத்தில் ஏற்காட்டுக் கட்சியிடம் நான் தோற்றுத்தான் ஆக வேண்டும். கோடையில் மாலை நான்குக்கு மேல் தொடங்கி இரவு வரை ஓட்டுவதே சரி. விளக்கொளியில் வெள்ளைப் பாறை எப்படி இருக்கும் என்று யோசித்தால் அதுவும் குறையாகத் தெரியவில்லை.

வாதத்தில் அடிக்கடி எழும் இன்னொன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். “நம் இரும்பாலை இருக்கிறதே, தடத்தை இங்கேயே செய்துவிடலாம்” என்பார்கள். சேலம் உருக்காலையின் பெருமை துருப்பிடிக்காத எஃகுத் தகடு. கோஸ்டர் தடம் வேறு சாதி: தடித்த சாதாரணக் கட்டுமான எஃகுக் குழாய்களை முப்பரிமாணத்தில் வளைத்து, பற்றவைத்து, மேலே வண்ணம் பூசுவது. அந்த வளைப்பில் சில மில்லிமீட்டர் பிசகினாலும் ரயில் உதறும். ஊர்ப்பற்றால் அந்தத் திறன் வந்துவிடாது. தூண்களையும் நிலையத்தையும் இங்குள்ள பட்டறைகள் செய்யலாம். தடத்தை அதற்கென்றே இருக்கும் தொழிற்சாலைகளிடம் விடுவதுதான் பாதுகாப்பு.

என் கையில் விட்டால், நிலையத்தைக் குழியின் விளிம்பில் வைப்பேன். முதலில் ஏற்றம் கிடையாது. கென்னிவுட்டின் தண்டர்போல்ட் செய்வதுபோல, நிலையத்தை விட்டதும் நேராகப் பள்ளத்தில் இறக்கம். கடைசியில், ஓட்டமெல்லாம் முடிந்தபின், சங்கிலி மெதுவாக ரயிலை மேலே இழுத்து வரும். அந்த ஏற்றம் மலையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். எங்கே உட்காருவது என்பதில் நண்பர்கள் இப்போதே சண்டை போடுகிறார்கள். பாறை நேரே முகத்துக்கு வருவதால் முதல் வரிசை என்கிறார்கள் பலர். நான் கடைசி வரிசை. விளிம்பைத் தாண்டும்போது முன்பாதி ரயில் ஏற்கெனவே கீழே விழுந்துகொண்டிருக்கும்; அதன் எடை பின்வரிசையை இழுத்துக்கொண்டு போவதால், கடைசியில் இருப்பவர்கள் விளிம்பை வேகத்தோடு தாண்டி இருக்கையை விட்டு எழும்புவார்கள்.