மே மாதக் கடற்கரை: தரங்கம்பாடியா, முட்டமா, ராமேஸ்வரமா?

கோடை விடுமுறைக்குக் கடலோரத்தில் வீடு எடுத்து, அந்தந்த ஊரில் கிடைப்பதை வாங்கிச் சமைத்துச் சாப்பிடுவது என்று முடிவு செய்தால், முதலில் பார்க்க வேண்டியது மீன்பிடித் தடைக்காலத்தை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம் அது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கு, அதாவது முட்டம், கொளச்சல், தேங்காய்ப்பட்டினம் பக்கத்துக்கு, தடை ஜூன் 1இல் தொடங்கி ஜூலை 31 வரை நீடிக்கிறது. நம் பிள்ளைகளுக்கு விடுமுறை மே மாதத்தில். ஆக, ஒரே மாநிலத்தில் ஒரு கரையில் படகுகள் கட்டிக் கிடக்கும்போது, இன்னொரு கரையில் ஏலம் களைகட்டுகிறது.

இதை மட்டும் வைத்துப் பார்த்தால் முட்டம்தான் வெல்ல வேண்டும். மீனைப் பொறுத்தவரை வெல்லவும் செய்கிறது. சாளை (மத்தி), அயிலை, நெத்தோலி (நெத்திலி), சூரை, விளமீன் என்று கூடை கூடையாக இறங்கும். கூடவே குமரி மாவட்டத்தின் தோட்டங்கள் அருகிலேயே இருப்பது பெரிய வசதி. மே மாதத்தில் செங்கவருக்கை மாம்பழம் உண்டு, சக்கை என்று அங்கே சொல்லும் பலா உண்டு, மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு உண்டு, மட்டி வாழைப்பழம் உண்டு. தேங்காய்க்குக் கேட்கவே வேண்டாம்.

இந்த ஊருக்குப் போனால் மீன் அவியல் வைக்காமல் திரும்பக் கூடாது என்பேன். தேங்காய், மிளகாய், மஞ்சள், சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) ஆகியவற்றைக் கொரகொரப்பாக அரைத்து, மண்சட்டியில் நெத்தோலியோடும் புளிப்பு மாங்காய்த் துண்டுகளோடும் பிசறி, ஒரு கை தண்ணீர் தெளித்து அடுப்பில் ஏற்ற வேண்டும். முருங்கைக்காய் இருந்தால் முன்னதாக அரைவேக்காடு வேகவைத்துச் சேர்க்கலாம். கரண்டி போட்டால் நெத்தோலி குழைந்துவிடும். சட்டியின் இரு பக்கமும் துணியால் பிடித்துச் சுற்றிவிடுவதே முறை. நீர் வற்றியதும் பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும் மேலே விட்டு மூடிவிட வேண்டும். அவித்த மரச்சீனியோடு இதைச் சாப்பிட்ட பிள்ளைகள் வேறு எதையும் கேட்கமாட்டார்கள்.

ஆனால் முட்டத்தின் கடல் குழந்தைகளுக்கான கடல் அல்ல. கரையெல்லாம் பாறை. அதற்கு மேல் ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கரையில் கள்ளக்கடல் என்ற ஒன்று உண்டு. தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலைகள் பல நாள் பயணம் செய்து, இங்கே காற்றும் மழையும் இல்லாத நேரத்தில் திடீரென்று கரையேறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துச் சென்றது. நீச்சல் தெரியுமா தெரியாதா என்பதெல்லாம் அந்த அலையின் முன் பொருட்டே இல்லை. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் மையம் இதற்கான எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது; போகிறவர்கள் தினமும் காலையில் அதைப் பார்த்துவிட்டே கடற்கரைக்குக் கிளம்ப வேண்டும். சொத்தவிளைக் கடற்கரையில் மணல் அகலமாக இருக்கிறது, அங்கும் இதே எச்சரிக்கைதான். தென்மேற்குப் பருவமழையும் ஒரு கணக்கு. கேரளத்தில் அது தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1 என்றாலும், 2025இல் மே 24ஆம் தேதியே வந்துவிட்டது. எனவே மேற்கே போவதென்றால் மே முதல் பாதியிலேயே போய்விடுவது நல்லது.

ராமேஸ்வரத்துக்கு வருவோம். சின்னஞ்சிறு குழந்தைகள் காலை நனைக்க இதைவிட அமைதியான நீர் கிடைப்பது அரிது. பாக் நீரிணைப் பக்கம் குளம்போல் கிடக்கும்; அதைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் அங்கே சொல்வார்கள். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு மறுபடியும் ரயிலிலேயே ஊருக்குள் போய் இறங்கலாம். நுங்கும் பதநீரும் தாராளம். ஆனால் இது கோயில் ஊர். அசைவம் சமைக்கக் கூடாது என்று சொல்லியே வீடு தருபவர்கள் உண்டு, முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். காய்கறிகள் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வருபவை. சமையலை மையமாக வைத்த விடுமுறைக்கு இந்த ஊரை நான் மூன்றாவது இடத்தில்தான் வைப்பேன்.

பிள்ளைகளோடு மே மாதத்தில் போக என் தேர்வு தரங்கம்பாடி. தடைக்காலத்தில் கிழக்கே போய் மீனுக்கு என்ன செய்வது என்று கேட்பவர்கள் விசைப்படகை மட்டுமே நினைக்கிறார்கள். தடை நாட்டுப்படகுகளுக்கு இல்லை. விடியலுக்கு முன் கிளம்பி, கரையோரத்திலேயே வலை விட்டு, காலையில் திரும்பிவிடுகிற ஃபைபர் படகுகள் கொண்டுவருவது கிழங்கான், காரப்பொடி, நெத்திலி, மத்தி, நண்டு, கொஞ்சம் இறால். வஞ்சிரமும் வவ்வாலும் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஐஸ் பெட்டியில் வெளியூரிலிருந்து வந்ததைத்தான் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். ஒரு வீட்டுக் குழம்புக்குச் சிறுமீன் போதும். அதுவும் அன்றைய மீன். "இது நாட்டுப்படகு மீனா அக்கா?" என்று கேட்டுவிட்டு, செவுளைத் தூக்கிப் பாருங்கள், இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், கண் குழி விழாமல் புடைத்து நிற்க வேண்டும்.

கிழங்கானுக்குப் புளிக்குழம்புதான் பொருத்தம். நல்லெண்ணெயில் வெந்தயம், சின்ன வெங்காயம், தக்காளி வதக்கி, வழக்கமான புளியில் பாதியை மட்டும் கரைத்து ஊற்றி, மீதிப் புளிப்பை மாங்காயிடம் விட்டுவிடுங்கள். குழம்பு சுண்டி எண்ணெய் பிரிந்த பிறகு மாங்காய், அது பாதி வெந்ததும் மீன். ஐந்து நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும், கிழங்கான் மெல்லிய சதை. காலையில் வைத்ததை இரவில் சாப்பிட்டால்தான் அதன் முழு ருசி தெரியும். தொட்டுக்கொள்ள வெள்ளரிப் பிஞ்சு, சாப்பாட்டுக்குப் பின் நுங்கு. நுங்கை விரலால் அழுத்தினால் கன்னம்போல் உள்வாங்க வேண்டும். கல்லாக இருந்தால் முற்றியது.

ஒரு சிரமத்தைச் சொல்லியாக வேண்டும். கடலோரத்தில் நிலத்தடி நீர் பல வீடுகளில் உவர்ப்பாக இருக்கும், அதில் பருப்பு லேசில் வேகாது. உலைக்கும் பருப்புக்கும் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். ரயிலில் வருபவர்கள் மயிலாடுதுறையிலோ காரைக்காலிலோ இறங்கி பஸ் பிடிக்க வேண்டும்.

அக்னி நட்சத்திர வெயிலில் பத்து மணிக்கு மேல் மணலில் நிற்க முடியாது. அந்த நேரத்துக்கு இந்த ஊரில் டேனியர்கள் 1620இல் கட்டிய டான்ஸ்பர்க் கோட்டை இருக்கிறது, உள்ளே அருங்காட்சியகம் இருக்கிறது. 1706இல் வந்து இறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு தமிழ் அச்சுக்குச் செய்ததைப் பிள்ளைகளுக்கு அங்கேயே நின்று சொல்லலாம். கிழக்குக் கடலும் ஆழம் காட்டாமல் இழுக்கக்கூடியதுதான். எந்த இடத்தில் இறங்கலாம் என்று வலை உலர்த்துகிறவர்களிடம் கேட்டு, அவர்கள் காட்டிய இடத்தில் முழங்கால் நீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெரிய மீன்தான் வேண்டும், மேற்கே போகவும் முடியாது என்பவர்கள் ஜூன் 15க்குப் பிறகு வரும் ஒரு சனி, ஞாயிறு வரை பொறுக்கலாம். பள்ளி திறந்திருக்கும்தான். ஆனால் இரண்டு மாதம் ஓய்ந்திருந்த விசைப்படகுகள் அப்போதுதான் நாகப்பட்டினத்திலிருந்து கடலுக்குப் போகத் தொடங்கியிருக்கும், மாங்காயும் முற்றிலும் ஓய்ந்திருக்காது.