கிரெட்ஸ்கியும் சான் லூயியும்: எதிர்பாராத இரு நியமனங்கள்

பயிற்சியாளர் அனுபவமே இல்லாத முன்னாள் நட்சத்திர வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியை, வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் என்.எச்.எல். தொடரில் ஆடிய ஃபீனிக்ஸ் கயோட்டீஸ் 2005இல் தலைமைப் பயிற்சியாளராக்கியபோது, அவர் அவ்வணியின் பங்குதாரர்களுள் ஒருவராகவும் இருந்தார். நான்கு பருவங்களில் 143 வெற்றிகளும் 161 தோல்விகளும் கண்ட அணி ஒருமுறைகூடப் பிளேஆஃப் எனும், கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றை எட்டவில்லை. 2009இல் அவர் விலகினார்.

அதே தொடரின் மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணி 2022 பிப்ரவரியில் முன்னாள் வீரர் மார்ட்டின் சான் லூயியைத் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தியது இதனினும் வியப்பானது. ஏனெனில் அதுவரை அவர் பயிற்றுவித்தவை தம் மகன்கள் ஆடிய சிறுவர் அணிகளே. முதலில் இடைக்காலப் பொறுப்பாகத் தரப்பட்டது சில மாதங்களில் நிரந்தரமானது. இளம் வீரர்களைக் கொண்டு அணியைப் பொறுமையாகக் கட்டியெழுப்ப நிர்வாகம் அவகாசம் தந்தது. 2025இல் அணி பிளேஆஃப் கண்டது. ஆட்டத்திறனில் கிரெட்ஸ்கிக்கு இணை யார்? ஆயினும், குள்ளமானவர் என்பதால் எந்த அணியும் டிராஃப்ட் எனும் இளம் வீரர் தேர்வில் எடுக்காத நிலையிலிருந்து மேலேறிய சான் லூயிக்கே சாதாரண வீரரின் திணறல் நன்கு புரியும் என்று எனக்குத் தோன்றுகிறது.