எங்கள் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்: மருந்து இலவசம், பேர் (அன்றைய நாட்சம்பளம்) போகும்

அம்மாவுக்குப் பிரஷரும் சீனியும். இலங்கையில் நுவரெலியா மாவட்டத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கிட்ட உள்ள அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு மாதாமாதம் கூட்டிக்கொண்டு போகிறேன். பெயர் வேண்டாம், அங்கே வேலை செய்கிறவர்கள் பாவம். ஐந்துக்கு மூன்று போடுவேன்.

டொக்டருக்கு முழு மார்க். கிளினிக் கொப்பியைப் புரட்டி, போன மாதம் பிரஷர் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். ஒரு சதம் செலவில்லை. என்ன வருத்தம் என்று போனாலும் ஒரே வெள்ளைக் குளிசையைக் கொடுத்த தோட்டத்து டிஸ்பென்சரியைப் பார்த்த எங்களுக்கு இது பெரிய விஷயம்.

கஷ்டம் நேரம்தான். காலை ஆறு மணிக்கே போய் நம்பர் எடுத்து, டொக்டரைப் பார்த்து, அப்புறம் மருந்து ஜன்னலில் இன்னொரு வரிசையில் நின்று வெளியே வரும்போது பன்னிரண்டரை தாண்டிவிடும், அதற்குப் பிறகு மலைக்குப் போய் யார் கொழுந்து எடுப்பது? அன்றைக்குப் பேர் இல்லை. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது, எங்கள் வீட்டுக் கணக்கில் ஒரு நாட்சம்பளம்தான் கிளினிக் கட்டணம்.

இன்னொன்று, மருந்து உறை. காலை, இரவு எல்லாம் சிங்களத்தில் கிறுக்கியிருக்கும். அம்மாவுக்குப் புரியாது, அதனால் வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு உறையிலும் நான் சூரியனும் பிறையும் வரைந்து கொடுக்கிறேன்.

தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியது 1990களில், இன்னும் முடிந்தபாடில்லை. அரசாங்கத்திடம் போனால் படித்த டொக்டர் வருவார் என்று நாங்கள் கேட்டோம். 1992இல் தோட்டங்களை எடுத்த கம்பனிகளுக்கு ஒரு செலவு குறையும். டொக்டர்மாரைக் கேட்டால் ஆள் பற்றாது என்பார்கள், 2022 நெருக்கடியோடு எத்தனை பேர் வெளிநாடு போனார்கள் என்று பார்த்தோமே. அம்மாவோ, "டிஸ்பென்சரி மட்டம்தான், ஆனா மலைக்குப் போற வழியில இருந்துச்சி" என்கிறார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த டொக்டரே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய டிஸ்பென்சரிக்கு வந்து உட்கார்ந்தால் நான் ஐந்தும் போடுவேன்.

1990 என்ற நம்பருக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸையும் சொல்ல வேண்டும். இந்திய உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது, இப்போது நாடு முழுக்க ஓடுகிறது, இலவசம். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த இரவு எடுத்தோம், வந்தார்கள், நன்றாகவும் பார்த்தார்கள். ஆனால் நாங்கள் இருக்கும் லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) வரை பாதை இல்லை. பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து நாலு பேர் ரோடு வரை தூக்கிக்கொண்டு இறங்கினோம்.

முதல் தடவை போகிறவர்கள் கொப்பியோடு பழைய மருந்து உறைகளையும் கொண்டுபோங்கள், டொக்டர் கேட்பார். சாப்பாடும் கட்டிக்கொள்ளுங்கள்.