இதிகாசக் கதைகள் வழியே ஆங்கிலச் சொற்கள்: இரண்டரை ஆண்டு அனுபவம்

ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதைக் கைவிட்டு, மகாபாரதம், ராமாயணம், உபநிடதக் கதைகள் ஆகியவற்றை ஆங்கிலத்தில் படித்தே சொல்வளம் சேர்ப்பது என்று நான் முடிவெடுத்து இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால் புதிய சொல் எதிர்ப்பட்டவுடன் அகராதியைத் தேடி ஓட வேண்டியதில்லை. தசரதனிடம் கைகேயி என்ன கேட்டாள் என்பதை அறிந்தவருக்கு 'பூன்' என்றால் வரம் என்பதும், அதன் விளைவாக ராமனுக்கு 14 ஆண்டுகள் வாய்த்தது 'எக்ஸைல்' என்பதும் தாமாகவே விளங்கிவிடும்.

தொடக்கத்தில் நான் தேர்ந்தெடுத்த நூல்தான் பொருந்தவில்லை. கிசாரி மோகன் கங்குலியின் முழு மகாபாரத மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று அதில் இறங்கினேன். அது 1883 முதல் 1896 வரை வெளிவந்தது. 'தௌ', 'தீ', 'ஹாத்' என்று அந்தக் காலத்து ஆங்கிலம் பக்கத்துக்குப் பக்கம் நிறைந்திருக்கும். முதல் மூன்று மாதங்களில் நான் குறித்துவைத்தவற்றில் பெரும்பகுதி இன்று எவரும் எழுதாத சொற்கள். விடுப்புக் கேட்டு அனுப்பிய மின்னஞ்சலில் 'ரிக்வெஸ்ட்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பிசீச்' என்று எழுதிவிட்டேன். "நான் என்ன சாபமா கொடுத்துவிடப் போகிறேன், இப்படி மன்றாடுகிறீர்களே?" என்று மேலதிகாரி கேட்ட பிறகுதான், இன்றைய உரைநடையில் எழுதப்பட்ட சுருக்கமான மறுகூறல்களுக்கு மாறினேன். நாளுக்கு ஒரு காட்சி; குறிப்பேட்டில் சொல்லும், அது வந்த இடமும், அதே இடத்தில் தமிழில் நான் பயன்படுத்தக்கூடிய சொல்லும். இதற்கு மேல் முறை என்று எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

நான் பெற்ற பெரிய பயன், ஒரே பொருள் தருவன போலத் தோன்றும் சொற்களுக்கு இடையிலான வேறுபாடு பிடிபட்டதுதான். 'விட்டுவிடுதல்' என்று தமிழில் பொதுவாகச் சொல்லிவிடும் செயலுக்கு ஆங்கிலத்தில் பல சொற்கள் உண்டு. பீஷ்மர் அரியணையில் அமர்ந்தவரே அல்லர். தமக்குரிய உரிமையை வேண்டாம் என்று துறந்தவர் என்பதால் அவருக்கு 'ரினௌன்ஸ்' பொருந்தும். பரீட்சித்துக்கு முடிசூட்டிவிட்டுப் புறப்படும் தருமனோ ஆண்டுகொண்டிருந்த அரசன், அது 'அப்டிகேட்'. காட்டில் உறங்கிக்கொண்டிருந்த தமயந்தியின் ஆடையில் பாதியை அறுத்துக்கொண்டு நளன் நீங்கிச் செல்வது 'ஃபர்சேக்'. துணையாக நிற்க வேண்டியவனே கைவிட்டான் என்ற குற்றம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மகன் இறந்தான் என்று நம்பிப் போர்க்களத்தில் துரோணர் ஆயுதங்களை நழுவவிடுவதை 'ரெலின்க்விஷ்' என்று படித்தேன். இந்த நான்கையும் அகராதியில் பத்து முறை பார்த்து மறந்தவன் நான். நான்கு முகங்களோடு சேர்த்துப் படித்த பிறகு ஒருமுறைகூடக் குழம்பியதில்லை. கீதையின் முதல் அத்தியாயத்தில் அர்ச்சுனனின் உடல் நடுங்குகிறது, காண்டீவம் கையிலிருந்து நழுவுகிறது. நடுங்குவதும் 'க்விவர்', அவன் தோளில் தொங்கும் அம்பறாத்தூணியும் 'க்விவர்' என்று அறிந்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

கண்ணால் மட்டுமே கற்றதன் பலன் பேசும்போது வெளிப்பட்டது. துறவியைக் குறிக்கும் 'அசெட்டிக்' என்பதை ஓராண்டுக்கு மேலாக 'அஸ்கெட்டிக்' என்றே உச்சரித்துவந்தேன். ராமன் ஒடித்த வில்லும் முனிவருக்கு அவன் செய்த வணக்கமும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டு. ஆனால் வில் என்றால் 'போ', வணங்குதல் என்றால் 'பவ்'. ஒலிநூலைக் கேட்டுக்கொண்டே படிக்கத் தொடங்கிய பிறகே இது சீரானது. இதை முதல் நாளிலிருந்தே செய்திருக்க வேண்டும்.

இந்த முறையில் எனக்கு உண்மையான மனக்குறை ஒன்று உண்டு. மொழிபெயர்ப்பில் வரும் சொல் ஆங்கிலத்தில் வேறொரு சமய மரபைச் சுமந்து நிற்கும். தவம் என்பதற்குப் பெரும்பாலும் 'பெனன்ஸ்' என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அது செய்த பாவத்துக்குக் கழுவாய் தேடுவது. விசுவாமித்திரர் பிரம்மரிஷி ஆவதற்காகச் செய்த தவத்தில் கழுவாய் எங்கே வந்தது? சிலர் 'ஆஸ்டெரிட்டி' என்று எழுதுகிறார்கள். அதே சொல்லை இன்றைய ஆங்கில நாளேட்டில் பார்த்தால் அரசாங்கம் செலவைக் குறைத்துக்கொள்ளும் நடவடிக்கை என்று பொருள். வேள்விக்கு எழுதப்படும் 'சாக்ரிஃபைஸ்' தியாகத்தையும் பலியையும் ஒருங்கே குறிக்கும். கதையை அறிந்தவர் என்ற துணிச்சலில் பொருளை ஊகித்துக்கொண்டு போனால் இத்தகைய இடங்களில் தவறான பொருள் மனத்தில் பதிந்துவிடும். ஆகவே சமயச் சொற்களுக்கு மட்டும் நான் இப்போது அகராதியைக் கட்டாயம் பார்க்கிறேன்.

அலுவல், பணம், மருத்துவம், கணினி ஆகியவற்றுக்கான சொற்கள் இக்கதைகளில் கிடைக்கா; அவற்றுக்கு நாளேடு படிக்கிறேன். மற்றபடி, தமிழில் கதைகளைக் கேட்டு வளர்ந்து, ஆங்கிலம் ஓரளவு படிக்கத் தெரிந்தவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கதை தெரியாதவருக்கு, பாத்திரங்களின் பெயர்களை நினைவில் வைப்பதே பெரும்பாடாகிவிடும்.

என் குறிப்பேட்டில் தர்மத்துக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கினேன். 'ட்யூட்டி', 'லா', 'வர்ச்சூ', 'ரைச்சஸ்னஸ்' என நான்கு சொற்களை இதுவரை எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது பொருந்திய காட்சி ஒன்றும், பொருந்தாத காட்சி ஒன்றும் இருக்கின்றன. கீழே இன்னும் பாதிப் பக்கம் காலியாக இருக்கிறது.