பழைய ஹார்ட் டிஸ்க்ல எழுதும்போது எரர் வருதா? கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ பத்தி என் ரிவ்யூ

விண்டோஸ்ல பழைய ஹார்ட் டிஸ்க் வச்சிருக்கவங்க எல்லாரும் இந்த சாஃப்ட்வேர கண்டிப்பா போட்டுக்கோங்க, டிஸ்க் தன்னோட நிலமைய பத்தி தானே வச்சிருக்கற கணக்க (ஸ்மார்ட்னு பேரு) படிச்சு காட்டும், ஃப்ரீ தான். டவுன்லோடு பக்கத்துல அனிமே பொண்ணு படம் போட்ட எடிஷன் எல்லாம் இருக்கும், வேலை ஒண்ணுதான், ஸ்டாண்டர்ட் எடிஷன் ஜிப் எடுத்தா இன்ஸ்டால் கூட பண்ண வேணாம்.

மாமா பையன் ஸ்டுடியோ சிஸ்டத்துல ஒரு 1 டிபி டிஸ்க், அதுல கல்யாண போட்டோ காப்பி பண்ணா பாதில நின்னு ஐ/ஓ டிவைஸ் எரர்னு வருது, கடைல கேட்டா ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்ங்கறாங்க. இத ஓட்டி பாத்தா மஞ்சள் கலர்ல காஷன், அதாவது எச்சரிக்கை. சி5 லைன்ல, அதாவது கரன்ட் பெண்டிங் செக்டார்ல (படிக்க முடியாம சந்தேகத்துல நிக்கற செக்டார் எத்தனைனு கணக்கு, செக்டார்னா டேட்டா எழுதற சின்ன துண்டு), கடைசில 18னு இருந்துச்சு. அது ஹெக்ஸ்ங்க, 16 அடிப்படைல எழுதற எண், நெஜமா 24. ஃபங்ஷன் மெனுல அட்வான்ஸ்டு ஃபீச்சர், ரா வேல்யூஸ்னு போய் 10 டெக் வச்சா தான் நமக்கு புரியற நம்பர் வரும், இத ஏன் முதல்லயே அப்படி வைக்கலனு எனக்கு கோவமே வருது.

இங்க தான் முக்கியமான விஷயம். ஒரு செக்டார படிக்க முடியலனா டிஸ்க் அத பெண்டிங்ல போடும், அடுத்த தடவ அதே எடத்துல எழுதும்போது சோதிச்சு பாத்து நல்லாருந்தா விட்டுடும், இல்லனா ஸ்பேரா ஒதுக்கி வச்ச செக்டாருக்கு மாத்திட்டு (இதான் ரீஅலொகேஷன்) 05 லைன் கணக்குல ஏத்திடும். அப்போ எழுதறப்ப வர்ற பிரச்சனைய டிஸ்க்கே சத்தமில்லாம சமாளிக்கணும், அதையும் மீறி எரர் வெளிய வருதுன்னா ஸ்பேர் தீந்திருக்கலாம், படிச்சு எழுதற ஹெட் போயிட்டிருக்கலாம், இல்ல வெறும் கேபிளா கூட இருக்கலாம். கேபிளானு தெரிய சி7 லைன் பாருங்க, சிஆர்சி எரர், அதாவது டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல டேட்டா கெட்டுப்போன கணக்கு. அந்த நம்பர் கொறையவே கொறையாது, அதனால சாட்டா கேபிள் மாத்திட்டு மேற்கொண்டு ஏறுதானு மட்டும் கவனிங்க. இவனோடதுல சி7 பூஜ்யம், 05ம் சி5ம் தான் ஏறுது, ஆக டிஸ்க்கே தான் போகுது.

கொறைனு பாத்தா இது டிஸ்க் சொல்ற கணக்க காட்டும், அவ்வளவுதான், முழுசா டெஸ்ட் பண்ணாது. அதுக்கு ஸ்மார்ட்மான்டூல்ஸ்ங்கற சாஃப்ட்வேர் போட்டு அதுல வர்ற ஸ்மார்ட்சிடிஎல் கமாண்ட்ல லாங் டெஸ்ட் விடணும், பெரிய டிஸ்க்னா மணிக்கணக்குல ஓடும். அப்புறம் நீல கலர்ல குட்னு காட்டுதுன்னு நிம்மதியா தூங்கிடாதீங்க, 2007ல கூகிள் ஆளுங்க ஒரு லட்சத்துக்கு மேல டிஸ்க்க ஆராய்ச்சி பண்ணி ஒரு பேப்பர் போட்டாங்க, அதுல செத்துப்போன டிஸ்க்ல பாதிக்கு மேல ரீஅலொகேஷன் மாதிரி முக்கியமான நாலு கணக்குலயும் ஒண்ணுமே காட்டாம தான் போயிருக்கு. அதனால காஷன்னு சொன்னா நம்புங்க, குட்னு சொன்னா பேக்கப் எடுங்க.

இன்னொண்ணு, மஞ்சள் வந்தப்புறம் தயவுசெஞ்சு விண்டோஸோட செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் (chkdsk /r) கமாண்ட் போடாதீங்க, சாகப்போற டிஸ்க்க முழுசா உருட்டி எடுத்துடும். முதல்ல லினக்ஸ் பென்டிரைவ்ல பூட் பண்ணி டிடிரெஸ்க்யூங்கற காப்பி டூல் வச்சு வேற டிஸ்க்குக்கு காப்பி எடுங்க, அது நல்லா படிக்கற எடத்த எல்லாம் முதல்ல எடுத்துட்டு தான் கெட்ட எடத்துக்கு திரும்பி வரும், எதுவரைக்கும் படிச்சதுனு குறிச்சு வைக்கற மேப் ஃபைல் குடுத்துட்டா நடுவுல கரண்ட் போனாலும் விட்ட எடத்துலருந்து தொடரும்.

5க்கு 4 ஸ்டார் குடுப்பேன், அந்த ஹெக்ஸ மாத்துனா 4.5.