பேச்சுக்குச் சந்தா கட்டுங்கள், பாட்டுக்கு வேண்டாம்

எங்கள் ஊர் நாடக அரங்குக்குச் சந்தா கட்டி, சீசன் முழுவதற்கும் டிக்கெட்டை முன்பே வாங்கிவைக்கலாமா என்று புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கின்றன. கட்டலாம். ஆனால் மியூசிக்கல்களை, அதாவது பாட்டும் ஆட்டமுமாகக் கதை சொல்லும் நாடகங்களை, நம்பிக் கட்ட வேண்டாம். பல சீசன்களாகப் பால்கனியின் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து பார்த்த பிறகு சொல்கிறேன்: இந்த அரங்குக்குப் பேசத் தெரியும், மௌனமாக இருக்கவும் தெரியும். பாடச் சொன்னால்தான் தடுமாறுகிறது.

அமெரிக்காவின் மத்திய மேற்கில், எஃகு ஆலைகளைப் பறிகொடுத்த நடுத்தர நகரம் எங்களுடையது. அரங்கில் இரண்டு மேடைகள். பெரியது திரையும் பால்கனியுமாக வழக்கமான அமைப்பு. சின்னது மேடையின் மூன்று பக்கமும் இருக்கைகள் சூழ்ந்தது. முன்வரிசையில் காலை நீட்டினால் நடிகர் தடுக்கி விழுவார். டிக்கெட் வாங்கும்போது எந்த மேடை என்று பார்த்து வாங்குங்கள். நாடகத்தின் பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் அரங்கு, நியூயார்க்கின் வணிக நாடக வட்டாரமான பிராட்வேயிலிருந்து லாரியில் வந்து ஒரு வாரம் ஆடிவிட்டுப் போகும் சுற்றுப்பயணக் குழு அல்ல. அலுவலகம் முடிந்து வந்து ஆடும் அமெச்சூர் மன்றமும் அல்ல. 1947இல் டல்லஸில் மார்கோ ஜோன்ஸும், 1950இல் வாஷிங்டனில் அரீனா ஸ்டேஜைத் தொடங்கிய செல்டா ஃபிச்சாண்ட்லரும், 1963இல் மினியாபொலிஸில் டைரோன் கத்ரியும் போட்டுக்கொடுத்த பாதையில் வந்தது. நியூயார்க்குக்கு வெளியேயும் தொழில்முறை நாடகம் நிலையாக நடக்க வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். தச்சுப்பட்டறை, தையற்கூடம் எல்லாம் சொந்தமாக உண்டு. நடிகர்களை மட்டும் நாடகத்துக்கு நாடகம் நியூயார்க்கிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் அழைக்கிறார்கள். மூன்று நான்கு வார ஒத்திகை, முறையான தொடக்க நாளுக்கு முன் சில முன்னோட்டக் காட்சிகள், பிறகு ஏறக்குறைய ஒரு மாதம் ஆட்டம்.

நான் புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் பார்த்து வளர்ந்தவன். அங்கே ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறோர் ஊர்; ஒத்திகை என்ற பேச்சே கிடையாது, மேடையில்தான் சந்திப்பு. விடிய விடிய ஆடுவார்கள். அதனால் நான்கு வார ஒத்திகை என்றால் எனக்குப் பெரிய ஆடம்பரமாகவே தோன்றும். அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன்.

‘அவர் டவுன்’ (Our Town, நம் ஊர்) நாடகத்தை வைத்து நிறையவே செய்தார்கள். தார்ன்டன் வைல்டர் எழுதி 1938இல் மேடையேறியது. நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு கற்பனைச் சிற்றூர், இரண்டு குடும்பங்கள், ஒரு கல்யாணம், ஒரு சாவு. அரங்கப் பொருள்கள் என்று பார்த்தால் மேசை, நாற்காலி, இரண்டு ஏணிகள். மற்றதெல்லாம் கையால் காட்டுவது. முதல் அங்கத்தில் இரண்டு அம்மாக்கள் உட்கார்ந்து பீன்ஸ் நார் உரிக்கிறார்கள். பீன்ஸ் கிடையாது, கூடையும் கிடையாது. ஒருத்தி கட்டைவிரல் நகத்தால் காம்பை ஒடித்து, நாரை ஒரே இழுப்பில் எடுத்து, மடியில் போட்டுவிட்டு அடுத்த காயை எடுத்தாள். நடுவில் ஒரு காயை ஒடித்துப் பார்த்து, சொத்தை போலிருக்கிறது, தூர எறிந்தாள். அந்த ஒரு காயை எறிய முடிவெடுத்தது ஒத்திகையில்தான் நடந்திருக்கும். மூன்றாம் அங்கத்தில் செத்தவர்கள் வரிசையாக நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க, எமிலி தன் பன்னிரண்டாம் பிறந்தநாளுக்கு ஒரே ஒரு தடவை திரும்பிப் போகிறாள். அம்மா அடுப்பு வேலையில் நிமிர்ந்தே பார்ப்பதில்லை. அன்று என் பக்கத்து இருக்கைக்காரர் இடைவேளை முழுவதும் பங்குச்சந்தை பேசியவர்; மூன்றாம் அங்கத்தில் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

‘ஃபென்சஸ்’ (வேலிகள்) பார்த்தது சின்ன மேடையில். ஆகஸ்ட் வில்சன் இருபதாம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்றாக எழுதிய பத்து நாடகங்களில் இது ஐம்பதுகளுக்கானது. பிராட்வேக்கு 1987இல் போவதற்கு முன்பே, 1985இல் யேல் பல்கலைக்கழக அரங்கில் ஆடப்பட்டது. நல்ல நாடகம் நியூயார்க்கில்தான் பிறக்கும் என்று நினைப்பவர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன். குப்பை வண்டித் தொழிலாளி டிராய் மாக்சன், பிட்ஸ்பர்க்கில் தன் வீட்டு முற்றத்துக்கு வேலி போட்டுக்கொண்டே இருக்கிறான். முடிக்கத்தான் மாட்டேன் என்கிறான். இந்த வகை அப்பாவைத் தமிழ் வாசகருக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சம்பாதித்துப் போடுவது என் கடமை, உன்னை எனக்குப் பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்கிற ரகம். வேறொருத்திக்குத் தன்னால் பிள்ளை பிறக்கப் போகிறது என்று அவன் மனைவி ரோஸிடம் சொல்லும் இடத்தில், ரோஸாக நடித்தவர் கத்தவில்லை. கையிலிருந்த துணியை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மூன்று பக்கமும் இருந்தவர்களில் ஒருவர்கூட இருமவில்லை. கடைசியில் மூளைக் காயம்பட்ட டிராயின் தம்பி கேப்ரியல், சொர்க்க வாசல் திறக்க டிரம்பெட்டை ஊதுகிறான். ஊதுவாய் இல்லாத டிரம்பெட், சத்தம் வரவில்லை. கழுத்து நரம்பு புடைக்க அவர் ஊதியது இரண்டு கஜ தூரத்தில். பால்கனியில் இருந்திருந்தால் எனக்கு அது வெறும் நடிப்பாகப் போயிருக்கும்.

லின் நாட்டேஜின் ‘ஸ்வெட்’ பற்றி ஒன்று மட்டும். பென்சில்வேனியாவின் ரெடிங் நகரத்து மதுக்கடை ஒன்றில், வேலை பறிபோகும் ஆலைத் தொழிலாளிகளின் கதை. 2015இல் ஓரிகன் ஷேக்ஸ்பியர் விழாவில் முதலில் ஆடப்பட்டு, 2017இல் புலிட்சர் பரிசு வாங்கியது. அதை ஆலை மூடிய ஊரில் பார்ப்பது தனி அனுபவம். ஆலைக் கதவைப் பூட்டிய செய்தி வரும் காட்சியில் பின்வரிசைப் பெரியவர் ஒருவர் மேடைக்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். யாரும் அவரை அடக்கவில்லை.

இனி மியூசிக்கல்கள். ‘ஃபிட்லர் ஆன் த ரூஃப்’ எனக்கு ரொம்பப் பிடித்தது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்தீஷில் ஷோலெம் அலெய்கெம் எழுதிய கதைகளிலிருந்து 1964இல் வந்த நாடகம். பால்கார டெவ்யாவுக்கு ஐந்து பெண்கள். மூத்த மூவரும் ஆளுக்கொரு படி மேலே போய் அவர் வைத்த கோட்டைத் தாண்டுகிறார்கள். ஒருத்தி தரகர் பார்த்த மாப்பிள்ளையை மறுக்கிறாள், அடுத்தவள் அனுமதி கேட்காமல் ஆசியை மட்டும் கேட்கிறாள், மூன்றாமவள் வேற்று மதத்தானோடு போய்விடுகிறாள். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை அழைத்துப்போனேன். ஆங்கிலம் அவ்வளவாகப் பிடிபடாதவர், பாதியில் என் காதோரம், “மூன்றாவது பெண்ணோடு அவர் பேசமாட்டார் பார்” என்றார். பேசவும் இல்லை.

நாடகம் அப்படி இருக்க, சங்கீதத்துக்கு நேர்ந்த கதியைக் கேளுங்கள். வாத்தியக் குழுவைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். மீதி வாத்தியங்களுக்கு இரண்டு கீபோர்டுகள். கூரைமேல் நிற்கும் பிடில்காரர் வில்லைச் சும்மா இழுத்தார். சத்தம் ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. வில் ஒரு பக்கம், ஸ்வரம் ஒரு பக்கம் போனது. நாடகத்தின் பெயரிலேயே பிடில் இருக்கிறது, ஐயா! ஒரு நிஜப் பிடில்காரரைக் கூரையில் ஏற்ற முடியாதா? போதாக்குறைக்குக் கோரஸ் முழுவதும் கன்னத்தோரம் மைக். முப்பது தொண்டைகளும் ஒரே பெட்டியிலிருந்து வருவதால், யார் பாடுகிறார்கள் என்று உதட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆர்மோனியக்காரரின் பெடல் சத்தம்கூடக் கேட்கிற தூரத்தில் உட்கார்ந்து ‘வள்ளி திருமணம்’ கேட்டவனுக்கு இது ஒத்துவராது.

காரணம் தெரியாமல் திட்டவில்லை. மியூசிக்கல் என்றால் உரிமை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ராயல்டி, நடிகர் கூட்டம், நடன ஆசிரியர், வாத்தியக்காரர்களின் சம்பளம். பெரிய சுற்றுப்பயணக் குழு அந்தப் பக்கம் வருவதாக இருந்தால் உரிமையே கிடைக்காமலும் போகும். அதனால் எல்லோருக்கும் தெரிந்த பெயராகத் தேர்ந்தெடுத்து, செலவை வாத்தியக் குழுவில் வெட்டுகிறார்கள். வெட்ட வேண்டியது அதுவல்ல என்பதுதான் என் சண்டை. தேவதைக் கதைகளைக் கலந்து கட்டிய ‘இன்டு த வுட்ஸ்’ மியூசிக்கலுக்கும் இதே கதிதான். பசு வேடம் போட்டவர் மட்டும் பிரமாதம். முதல் அங்கம் சுபமாக முடிந்ததும் நாடகமே முடிந்தது என்று கிளம்பிவிடாதீர்கள், விஷயமே அதற்குப் பிறகுதான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு: பழிவாங்கக் கிளம்பும் நாவிதனின் கதையான ‘ஸ்வீனி டாட்’. 2005இல் ஜான் டாய்ல் பிராட்வேயில் பத்து நடிகர்களையே வாத்தியக்காரர்களாகவும் ஆக்கி இதை நடத்திக் காட்டினார். இங்கேயும் அந்த வழியில் போய், சின்ன மேடையில் வைத்தார்கள். மைக் இல்லை. ஸ்வீனியின் மகள் ஜொஹானாவாக வந்த பெண், பிடிலின் பெரிய அண்ணனான செல்லோவை வாசித்துக்கொண்டே பாடினாள். அறையில் பூட்டப்பட்டவள் என்பதற்கு வேறு செட் தேவைப்படவில்லை, செல்லோ கழுத்துக்கு இந்தப் பக்கம் முகம், அந்தப் பக்கம் காதலன். நீதிபதி நாற்காலியில் சாயும்போது, சவரக்கத்தியைத் தீட்டும் ஸ்வீனியின் கையில் சற்றுமுன் கிடார் இருந்தது. பணம் குறைந்ததையே பலமாக்கிய ஒரே மியூசிக்கல் இது. அடுத்த சீசனிலேயே மறுபடி கீபோர்டுக்குப் போய்விட்டார்கள் என்பதுதான் புரியவில்லை.

டிசம்பரில் ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’. ஆவிகள் வந்து ஒரு கஞ்சனைத் திருத்தும் டிக்கன்ஸின் கதையை ஆண்டுதோறும் போடுவது இந்த நாட்டு அரங்குகளின் வயிற்றுப்பாடு. மினியாபொலிஸின் கத்ரி அரங்கில் 1975 முதல் நடக்கிறது. எங்கள் ஊரிலும் அதே புகை, அதே பனி, பொறிக்கதவு வழியாக அதே மார்லியின் ஆவி. குழந்தைகளோடு ஒரு தடவை போங்கள், போதும்.

2020 மார்ச்சில் எல்லா அரங்குகளோடும் இதுவும் மூடியது. திறந்த பிறகு சீசன் இளைத்திருக்கிறது: நாடகங்கள் குறைவு, இரண்டு மூன்று நடிகர்களே போதும் என்கிற எழுத்துகள் அதிகம், நடுவில் ஒரு துப்பறியும் கதை. லாஸ் ஏஞ்சலஸில் மார்க் டேப்பர் ஃபோரம் போன்ற பெயர்பெற்ற மேடையே 2023இல் நாடகங்களை நிறுத்திவைக்க நேர்ந்ததைப் பார்க்கும்போது, எங்கள் ஊர்க்காரர்கள் விளக்கை அணைக்காமல் வைத்திருப்பதே பெரிது. ஆனாலும் அந்தத் துப்பறியும் கதைகளில் உயிர் இல்லை. அழகான சோபா, கதவு, துப்பாக்கிச் சத்தம், இடைவேளை.

சேவையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் கவுன்ட்டர் ஊழியர்கள் தங்கம். சந்தாதாரர் தேதி மாற்றக் கேட்டால் முகம் சுளிக்காமல் மாற்றித்தருகிறார்கள். இணையத்தில் வாங்கினால் கட்டணத்துக்கு மேல் கட்டணம், அதனால் நேரில் போவதே நல்லது. பெண்கள் கழிப்பறை வரிசை இடைவேளையைவிட நீளம். என் மனைவி முதல் அங்கத்தின் கைதட்டலைக் கதவருகே நின்றுதான் கேட்பார். நிகழ்ச்சிப் புத்தகத்துக்குள் சின்னத் துண்டுச்சீட்டு செருகியிருந்தால் அன்று மாற்று நடிகர் வருகிறார் என்று அர்த்தம். ஏமாற்றமடைய வேண்டாம், நான் பார்த்த நல்ல டெவ்யா ஒருவர் துண்டுச்சீட்டில் வந்தவர்.

பெற்றோர் ஊரிலிருந்து வந்திருந்தால் வசன எழுத்துகள் மேடையோரப் பலகையில் ஓடும் காட்சியைக் கேட்டு வாங்குங்கள்; ஒவ்வொரு நாடகத்துக்கும் குறைந்தது ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். உச்சரிப்பு பிடிபடாதவர்களுக்கு அது பெரிய உதவி, கூடுதல் கட்டணமும் இல்லை. முன்னோட்டக் காட்சிகளுக்கு விலை குறைவு. பேச்சு நாடகத்துக்குத் தயங்காமல் வாங்கலாம். மியூசிக்கலுக்கு மட்டும் இரண்டாம் வாரம் வரை பொறுங்கள், அதற்குள் ஒலிக்கலவை மேசைக்காரர் ஓரளவு கைபழகியிருப்பார். முழுச் சந்தாவை விட்டுவிட்டு, நாமே தேர்ந்தெடுக்கும் நான்கு நாடகச் சந்தாவுக்கு இந்த ஆண்டு நான் மாறிவிட்டேன். மூன்று நாடகங்கள் சின்ன மேடையில். நான்காவதை இன்னும் முடிவுசெய்யவில்லை. பிடில்காரர் நிஜமாக வாசிக்கப்போகிறாரா என்று கவுன்ட்டரில் விசாரித்துவிட்டு வாங்குவேன்.