கல்லூரி அணியா, என்.எஃப்.எல். அணியா?

அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரி அணியோடு வெற்றி கண்ட பயிற்சியாளர் பலர், தொழில்முறைக் களமான என்.எஃப்.எல்.லுக்குப் போவதா என்று தயங்குகிறார்கள்.

ஆட்டக்காரர் தேர்வு: கல்லூரியில் பயிற்சியாளரே பள்ளி மாணவர்களின் வீடு தேடிச் சென்று, பெற்றோரிடம் பேசி அணியைத் திரட்டுகிறார், என்.எஃப்.எல்.லில் அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முறையும், ஓர் அணி தரக்கூடிய மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பும் அவர் கையைக் கட்டிவிடுகின்றன. ஆனால் 2021 முதல் மாணவர்களும் விளம்பர வருமானம் பெறலாம் என்பதால், கூடுதல் வருமானம் தேடி வேறு கல்லூரிக்கு மாறிவிடாமல் சேர்த்தவர்களைத் தக்கவைப்பதே கல்லூரியில் பெரும்பாடாகிவிட்டது.

நிலைப்பு: தொடர்ந்து தோற்றால் இரண்டிலும் வேலை போகும்.

இரண்டு பயிற்சியாளர்களைப் பாருங்கள்: நிக் சேபன் மயாமி டால்பின்ஸ் என்ற என்.எஃப்.எல். அணியில் 15 வெற்றி, 17 தோல்வியோடு விலகி, 2007இல் அலபாமா பல்கலைக்கழக அணிக்கு வந்து 6 தேசியப் பட்டங்களை வென்றார்; பீட் கேரலோ கல்லூரியிலிருந்து சியாட்டிலின் என்.எஃப்.எல். அணிக்குச் சென்று, 2014இல் என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றார்.

இளைஞர்களைக் கண்டெடுத்து வளர்ப்பதில் நாட்டமுள்ளவருக்குக் கல்லூரியும், வியூகத்திலேயே மனம் தோய்பவருக்கு என்.எஃப்.எல்.லும் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.